உயிர்ப்பூட்டு

எட்டயபுரத்துக்கு முன்னால் சாலையைக் கொத்திப் போட்டிருந்த இடத்தில் மீன் வண்டியின் இடது பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. ஏறும்போது அடியில் ஏதோ முறிகிற சத்தம். ஜெனோவா பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்ற பிறகும் பின்பக்கம் மெல்லச் சாய்ந்துகொண்டே போனது.

பக்கத்து இருக்கையிலிருந்த தங்கபுஷ்பம் இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தாள்.

"சக்கரம் வெளிய பாத்துட்டு நிக்குதுக்கா. இனி இது உருளாது."

பின்னால் பெட்டி பெட்டியாக விளமீனும் பாறைமீனும் ஐஸில் கிடந்தன. தூத்துக்குடிக் கரையில் விடியலில் ஏலம் எடுத்து மதுரைச் சந்தைக்குக் கொண்டுபோகிற சரக்கு. அவர்களுடையது அதில் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கரையில் மீன் விற்கிற பெண்கள் இவர்கள் இரண்டு பேரையும் நம்பி ஏற்றிவிட்டது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

இந்த இரண்டு பேரையும் கரையில் தெரியாதவர்கள் கிடையாது. ஒரே வெள்ளத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் தாமிரபரணி கரைபுரண்டு ஓடியபோது, ஜெனோவாவின் கணவன் தஸ்நேவிஸ் தடுப்புக் கட்டையைத் தாண்டி வண்டியைப் பாலத்தில் ஏற்றினான். கூட இருந்தவன் பரமகுரு, பெட்டி ஏற்றி இறக்குகிறவன், தங்கபுஷ்பத்தின் கணவன். பாலத்தின் நடுப்பகுதி வண்டியோடு சேர்ந்து ஆற்றில் போனது. பரமகுருவின் உடல் முகத்துவாரத்துப் பக்கம் உடைமுள் மரத்தில் சிக்கிக் கிடைத்தது. தஸ்நேவிஸின் உடல் கிடைக்கவேயில்லை, கடல் கொண்டுபோய்விட்டது என்றார்கள். அவனுடைய சட்டையையும் ஜெபமாலையையும் பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்தார்கள். அந்தப் பூசைக்குத் தங்கபுஷ்பமும் வந்து கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் அப்போது பச்சைத் துக்கத்தில் இருந்தாள்.

வண்டியை ஓட்டியவன் தன் புருஷன் என்பது ஜெனோவாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதைப் பற்றி அவள் பேச்செடுத்தபோதெல்லாம் தங்கபுஷ்பம் ஒரே பதில்தான் சொல்வாள்: "உங்க வீட்டுக்காரரும்தானக்கா போனாரு." அந்தப் பதிலை நம்பித்தான் ஜெனோவா அவளோடு கூட்டுச் சேர்ந்தாள். இருவருமாகப் பழைய மின்வண்டி ஒன்றை வாங்கினார்கள், இருவரும் ஓட்டக் கற்றார்கள்.

ஒரு டிராக்டர்காரர் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் உதுமான் பாயின் பட்டறையில் விட்டார். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் காயலான் கடை. உதுமான் பாய் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் புகுந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஆக்சில் வளைஞ்சிட்டு. ஷாஃப்டு முறிஞ்சிட்டு. அதோட போயிருந்தா நான் பாத்துக்கிடுவேன். உள்ள இருக்கிற மோட்டாரும் வெடிச்சிருக்கு. மொத்தமா மாத்தணும் தங்கச்சி."

"பழசு இருக்கா பாய்?" என்றாள் ஜெனோவா.

"மலையாக் கெடக்கு. ஓடணும்லா." அவர் மதிலோரமாகக் கையைக் காட்டினார். "அங்கன கெடக்கிறது பூரா உயிரோட இருக்கிறவங்க சாமான். உருக்கத்தான் ஆவும். கொட்டகைக்குள்ள இருக்கிறது செத்தவங்க சாமான். அதுல பாருங்க."

வண்டித் திருட்டு பெருகிப்போன காலத்தில் வந்த சட்டம் அது. உரிமம் வாங்குகிற எல்லோருக்கும் மணிக்கட்டில் தோலுக்கடியில் ஒரு வில்லையை வைத்தார்கள். அரிசி மாதிரி இருந்ததால் ஜனங்கள் அதை அரிசி என்றே சொன்னார்கள். வண்டியின் மோட்டார், ஆக்சில், பேட்டரி என்று முக்கியமான ஒவ்வொன்றும் உரிமையாளரின் நாடியோடு பிணைக்கப்பட்டிருக்கும். அவர் சம்மதிக்காமல் இன்னொருவர் வண்டியில் அது இயங்காது. நாடி நின்றால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். உயிர்ப்பூட்டு என்று பெயர்.

முதலில் எல்லோரும் மெச்சினார்கள். திருட்டும் நின்றது. அப்புறம் துட்டி வீட்டு வாசலில் காயலான் கடைக்காரர்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பாடை கிளம்பும் முன்னாலேயே வண்டி எந்த வருஷத்து வண்டி என்று விசாரித்தார்கள். படுக்கையில் கிடக்கிறவர் வீட்டுக்கு நலம் விசாரிக்கிற சாக்கில் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் இருந்தார்கள்.

கொட்டகைக்குள் ஆக்சில்கள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவது வரிசையில் ஜெனோவா நின்றுவிட்டாள். வண்டல் காய்ந்து அப்பியிருந்த ஓர் ஆக்சிலில், ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தில் ஒரு தகடு பற்ற வைக்கப்பட்டிருந்தது. அதில் உளியால் வெட்டிய எழுத்துகள். முந்தானையால் வண்டலைத் துடைத்தாள். 'லேத்' என்று இருந்தது.

அவளுடைய மாமனாரின் வள்ளத்துப் பெயர் சலேத் மாதா. வள்ளம் உடைந்தபோது அதன் சுக்கான் தகட்டை அறுத்துத் தஸ்நேவிஸின் வண்டி ஆக்சிலில் வைத்துப் பற்ற வைத்தவன் ரூபர்ட், தஸ்நேவிஸின் தம்பி. பற்ற வைக்கும்போது ஜெனோவா டீ கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள்.

"புஷ்பம், இங்க வா."

தங்கபுஷ்பம் வந்து பார்த்தாள். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஜெனோவாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களத் தேடி வந்திருக்காருக்கா," என்றாள்.

ஜெனோவா வெகுநேரம் அந்தத் தகட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். கல்லறையில் ஒரு சட்டைதான் கிடக்கிறது என்பதால் அங்கே போய் அழுவதுகூட அவளுக்கு ஒட்டாமல் இருந்தது. இது அவன் தொட்டது, அவனைச் சுமந்தது. இனி அவளைச் சுமக்கப் போகிறது.

"ஆத்துலருந்து வண்டிய எடுத்தப்பவே ரூபர்ட் இத உருக்கப் போட்டாச்சுன்னு சொன்னானே," என்றாள் தனக்குத் தானே.

"உருக்குற எடத்துலருந்து எவனாவது கடத்திருப்பான்," என்றார் உதுமான் பாய். "வெள்ளத்துல போன வண்டின்னு ஒரு லாரிக்காரன் எறக்கிட்டுப் போனான். வண்டி போச்சு, ஆளும் போயிருக்கும்னு நான் இந்தப் பக்கம் போட்டேன். உங்க வீட்டுக்காரருதா? அல்லாவே. எடுத்துக்கோங்க தங்கச்சி, இதையே மாட்டிருவோம்."

வேலை மளமளவென்று நடந்தது. வளைந்த ஆக்சிலைக் கழற்றி இறக்கினார்கள். தஸ்நேவிஸின் ஆக்சிலை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார்கள். பேரிங்குகள் துருவேறி இறுகியிருந்தன. பழைய ஆக்சிலில் நன்றாக இருந்த வலதுபக்கத்துப் பேரிங்கையும், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய ஒன்றையும் தட்டி ஏற்றினார் பாய். பிரேக் டிரம் இரண்டும் சொந்த வண்டியுடையது. புது ஆயில் சீல் மட்டும் கடையில் வாங்கினார்கள். மோட்டாரை ஆற்று வண்டல் தொட்டிருக்கவில்லை, நல்ல மூடி. தங்கபுஷ்பம் படுத்துக்கொண்டு யூ போல்ட்டுகளை முறுக்கினாள். ஜெனோவா கேபிளைச் செருகினாள். இடையிடையே எழுந்துபோய் ஐஸைத் தொட்டுப் பார்த்து, சாக்கை நனைத்துப் போட்டாள்.

"போடுங்க பாப்போம்," என்றார் பாய்.

ஜெனோவா ஓட்டுநர் இருக்கையில் ஏறிப் பொத்தானை அழுத்தினாள். விளக்குகள் எரிந்தன. சக்கரம் அசையவில்லை. முன்னாலிருந்த திரையில் எழுத்து வந்தது.

'பின் அச்சு பூட்டப்பட்டுள்ளது. உரிமையாளர் உயிருடன் இருக்கிறார். அவரது ஒப்புதல் தேவை.'

அவள் அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே எழுத்து. சன்னலில் கைவைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பமும் அதைப் படித்தாள்.

"பாய், இது தண்ணியில கெட்டுப்போயிருக்கும். பாருங்க," என்றாள் ஜெனோவா.

உதுமான் பாய் தன் கருவியைக் கொண்டுவந்து ஆக்சிலில் வைத்துப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார்.

"கரண்டு இல்லாம முன்ன சோதிக்க முடியல. இப்ப நல்லாப் பேசுது."

"அவரு இதை வேற யாருக்காவது மாத்திக் குடுத்திருந்தா? அந்த ஆளு உயிரோட இருக்கலாம்லா?"

"மாத்தினா ரெண்டாவது கைன்னு காட்டும். இது முதல் கைதான். வாங்கினவரு கை."

"அப்ப கெட்டுத்தான் போயிருக்கு."

"தங்கச்சி," என்றார் பாய் தணிந்த குரலில். "கெட்டுப்போனா ஒண்ணுமே சொல்லாது. எதிர்ல ஒரு நாடி ஓடிக்கிட்டு இருந்தாத்தான் இப்படிச் சொல்லும்."

"இருந்தா கவர்மெண்டுக்குத் தெரியாமலா போகும்? செத்துட்டாருன்னு அவங்கதான எழுதிக் குடுத்தாங்க?"

"அவங்க கேக்கக் கூடாதுல்லா. யாரு எங்க இருக்கான்னு சர்க்காரு துழாவக் கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க. சாமான் மட்டும்தான் கேக்கலாம். அதுவும் ஒரே கேள்வி, இருக்காரா இல்லையா. அவ்வளவுதான்."

வண்டியிலிருந்து உருகிய ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெனோவா போனை எடுத்து ரூபர்ட்டைக் கூப்பிட்டாள்.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் தங்கபுஷ்பம்.

"மைனி, மதுரை போயாச்சா?" ரூபர்ட்டின் குரல் எப்போதும்போல இருந்தது. வாரம் தவறாமல் அவள் வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்புகிறவன் அவன்.

"ரூபர்ட், உங்க அண்ணன் வண்டி ஆக்சில என்ன செஞ்ச?"

"அது எப்பவோ உருக்கப் போட்டாச்சே. ஏன் மைனி?"

"என் வண்டியில மாட்டிருக்கு. ஓட மாட்டேங்குது."

எதிர்முனையில் பட்டறைச் சத்தம் கேட்டது, யாரோ இரும்பை அடிக்கிற சத்தம். பிறகு கதவு சாத்தப்பட்டு அதுவும் நின்றது.

"எங்க இருக்கீங்க? அங்கயே இருங்க மைனி, நான் வாரேன்."

"வர வேண்டாம். இருக்காரா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"நேர்ல வந்து—"

"இருக்காரா இல்லையா?"

"இருக்காரு."

ஜெனோவா வண்டியின் படியில் உட்கார்ந்தாள். ரூபர்ட் நிறுத்தாமல் பேசினான், அடைத்து வைத்த மடை திறந்துகொண்டதைப் போல. நீந்திக் கரையேறி ஒளிந்து ஒளிந்து வீட்டுக் கொல்லைக்கு வந்தாராம். போலீஸுக்குப் பயந்தாராம். அதைவிட பரமகுரு வீட்டு ஆட்களின் முகத்தில் முழிக்க முடியாது என்று அழுதாராம். கொல்லத்துப் பக்கம் ஒரு போட்டில் வேறு பெயரில் ஏற்றிவிட்டது ரூபர்ட்தானாம். கொஞ்ச நாளைக்கு என்றுதான் நினைத்தானாம். அதற்குள் பூசை வைத்துவிட்டார்கள், அடக்கமும் முடிந்துவிட்டது, அதற்குமேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லையாம்.

"அடக்கத்தன்னைக்குப் பெட்டியத் தூக்கினது நீதானே?" என்றாள் ஜெனோவா. "முன்னால, வலதுபக்கம்."

"ஆமா மைனி."

"ஆளு உயிரோட இருக்காருன்னு தெரிஞ்சே தூக்கின."

அவள் போனை அணைத்தாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அவன் செத்துப்போனான் என்பதற்காக அவள் என்னென்ன செய்தாள் என்பதுதான் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம். வேறு கல்யாணம் பேச வந்த சித்தியைக் கடிந்து திருப்பி அனுப்பியது. கரையில் எந்தப் பிணம் ஒதுங்கினாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய், துணியை விலக்கி, யார் யாருடைய முகங்களையோ பார்த்தது. அப்போதெல்லாம் கூட வந்தவன் ரூபர்ட். "இது அண்ணன் இல்ல மைனி," என்று தலையை ஆட்டி அவளைக் கூட்டிவந்தவன் அவன்.

நிமிர்ந்தபோது தங்கபுஷ்பம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"என்ன இப்படிக் கேக்க, புஷ்பம்?"

"கொழுந்தனுக்குத் தெரியுது. வாரா வாரம் வீட்டுக்கு வர்ற ஆளு. உங்களுக்கு மட்டும் தெரியாதாக்கும்."

"மாதாமேல சத்தியமா எனக்குத் தெரியாது."

"மூணு வருஷமா நானு உங்களத் தேத்திக்கிட்டு இருந்தேன். உங்க வீட்டுக்காரரும்தான் போனாருன்னு." தங்கபுஷ்பத்தின் குரல் உயரவில்லை. "அவரு போகவே இல்லையே. போனது எங்க வீட்டு ஆளு மட்டும்தான்."

ஜெனோவா உதுமான் பாயைப் பார்த்தாள், அவர் ஏதாவது சாட்சி சொல்லிவிட முடியும் என்பதைப் போல. அவர் கருவியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று சொல்கிற கருவி அவரிடம் இல்லை.

"சரக்கு கெட்டுப்போவும்," என்றார் கடைசியில். "வேற ஆக்சில் தேடி மாட்ட சாயங்காலம் ஆவும். இல்லன்னா இதுக்குச் சம்மதம் கேட்டுப் பாக்கலாம். அவரு கைல அதிரும். கேக்கிற ஆளு பேரு அங்கயே தோல்ல மினுங்கும். ஒரு தட்டுத் தட்டினாப் போதும்."

"கேளுங்க," என்றாள் ஜெனோவா.

அவர் திரையில் அழுத்தினார். ஜெனோவா தன் பெயரைச் சொன்னாள். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கேயோ ஒரு துறைமுகத்தில், வலையோ கயிறோ பிடித்துக்கொண்டிருந்த கை ஒன்று அதிர்ந்திருக்கும். அவன் தன் மணிக்கட்டைப் பார்த்திருப்பான்.

பாய் டீ சொல்லப் போவதற்காகத் திரும்பினார். அதற்குள் பதில் வந்துவிட்டது.

'ஒப்புதல் அளிக்கப்பட்டது. புதிய உரிமையாளர் கையை வைக்கவும்.'

"உடனே குடுத்துட்டாரே," என்றாள் தங்கபுஷ்பம். "இதுக்கெல்லாம் நல்லா உயிரு இருக்கு."

ஜெனோவா கையைத் திரைவரை கொண்டுபோனாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ வை."

"நானா? எதுக்கு? இது எங்க ஆளுக்கு ஈடா?"

"ஈடு இல்ல. அதுக்கு ஈடு கெடையாதுன்னு எனக்குத் தெரியும். என் கைய வைக்க எனக்கு அருவருப்பா இருக்கு, அவ்வளவுதான். உனக்கும் அப்படித்தான் இருக்கும். ரெண்டு பேருல ஒருத்தர் வச்சாகணும். நீ வச்சா வண்டி உன் சொல்லுக்கு நிக்கும். நீ வேண்டாம்னா நான் எறங்கிக்கிடுவேன்."

தங்கபுஷ்பம் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"ஜூலியக்கா சரக்கு கெடக்கு. பிலோமி சரக்கு கெடக்கு," என்றாள். "அவங்க என்ன செஞ்சாங்க?"

முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு மணிக்கட்டைத் திரையில் வைத்தாள். வண்டிக்கடியில் மோட்டார் முனகி விழித்துக்கொண்டது. அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். ஜெனோவாவைப் பார்த்து ஏறச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜெனோவா சுற்றி வந்து மறுபக்கம் ஏறிக்கொண்டாள்.

பந்தல்குடியைத் தாண்டியதும் ஜெனோவாவின் மடியில் போன் அடித்தது. கேரளத்து எண். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

செத்தவன் ஒரே ஒரு தடவை பேசமாட்டானா என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். அப்படிப் பேசினால் என்ன கேட்பது என்றுகூடச் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அது ஒன்றுகூட உதவவில்லை. அவள் போனை எடுத்துத் தங்கபுஷ்பத்திடம் நீட்டினாள்.

"உனக்குத்தான் மொதல்ல பதில் சொல்லணும்."

தங்கபுஷ்பம் வண்டியைச் சீமைக்கருவேல நிழலில் ஓரங்கட்டிவிட்டுப் போனை வாங்கினாள்.

"நான் பரமகுரு வீட்டுக்காரி பேசுதேன்," என்றாள். "வைக்காதீங்க. வச்சீங்கன்னா வண்டிய நேரா அங்க திருப்புவேன். பாலத்துக்கு வந்ததுலருந்து சொல்லுங்க."

ஜெனோவா இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

கண்ணாடி வழியாகத் தங்கபுஷ்பத்தின் முகம் தெரிந்தது. அவள் அழவில்லை. நடுவில் ஒருமுறை ஏதோ கேட்டாள். ஒருமுறை சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தப் போனுக்குள்ளே அவன் குரல் இருந்தது. ஜெனோவாவின் கால்கள் தானாகக் கதவுப் பக்கம் நகர்ந்தன. அவள் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள். மீன் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஐஸைக் கிளறி, மேலே கிடந்ததைக் கீழே தள்ளி, கை மரத்துப் போகிறவரை அதையே செய்துகொண்டிருந்தாள்.

ஆரன் அடித்தது. திரும்பிப் போய் ஏறினாள். தங்கபுஷ்பம் போனைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

"எங்க வீட்டு ஆளு கடைசியில என்ன சொன்னாரு, எப்படிப் போனாரு, எல்லாம் சொன்னாரு. அத உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அது எனக்கு."

"சரி," என்றாள் ஜெனோவா.

அருப்புக்கோட்டை தெரிய ஆரம்பித்தது. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். தன்மேலேயே வெறுப்போடு கேட்டாள்.

"என்னப் பத்தி ஏதும்..."

"அவரு கேக்கல."

ஜெனோவா அவள் முகத்தைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த முகத்திலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. எண் போனில் இருந்தது. கூப்பிட்டால் ஒரு நொடியில் தெரிந்துபோகும். ஜெனோவா போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். புஷ்பம் தன்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று, மதுரை வருகிற வரைக்கும், உதடு அசையாமல் வேண்டிக்கொண்டே போனாள்.